மூளைக்குப் போகிற ரத்தம்

ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்த மாமியார், செருப்பை மாட்டிக்கொள்வதற்கு முன்பே, வராந்தாவில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்களிடமெல்லாம் சேதியைச் சொல்லிவிட்டாள்.

"என் பேரப்பிள்ளைக்கு ரத்தமெல்லாம் மூளைக்கே போகுதாம். டிவியிலயே காட்டுறாங்க. இதயமும் பெருசா, உருண்டையா இருக்காம். பொறக்கும்போதே பெரிய அறிவாளியாத்தான் பொறக்கப் போகுது, பாத்துக்கிட்டே இருங்க."

வயிற்றில் தடவிய ஜெல்லைத் துடைத்தபடி பின்னால் வந்த மருமகளுக்கும் அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கோபம் அவளுக்கு மூக்குக்கு மேலே இருக்கும். வேலை பார்க்கிற சலவைக்கூடத்தில் அவளுக்கு ஸ்டீம் என்றுதான் பேர். அப்படிப்பட்டவளே அன்றைக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் அவள் ஊரில் உள்ள அத்தனை பேர் மேலும் எரிந்து விழுந்தபோது தன்னையும் சேர்த்தே திட்டிக்கொண்டது இதற்காகத்தான்.

உள்ளே நடந்தது இவ்வளவுதான். ஸ்கேன் எடுத்த டாக்டர் இளவயதுக்காரர். வெளியே நிற்கிற கூட்டத்தின் மேலேயே அவருக்குக் கண். திரையைப் பார்த்தபடி பக்கத்தில் குறித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், மாசத்துக்கு எடை குறைவு, இதயம் உருண்டை, மூளைக்குப் போகிற ரத்தம் கூடுதல் என்று சரக்கு இறக்குகிறவர் போல ஒப்பித்துக்கொண்டு போனார். மாமியார் குறுக்கே புகுந்து, "பிள்ளை நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இப்போதைக்குச் சமாளிக்குதும்மா. ஆனா நாளை மறுநாள் கட்டாயம் வந்து திரும்பப் பார்க்கணும். நிக்கிற வேலை, சூட்டுல வேலை எதுவும் வேண்டாம். அடுத்தவங்களைக் கூப்பிடுங்க."

அந்த 'ஆனா'வுக்கு முன்னால் வந்தது மாமியார் காதில் தேனாக இறங்கியது. பின்னால் வந்தது இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போய்விட்டது. டாக்டரும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். மருமகளின் கணவனுக்குக் குட்டி என்று பேர். நின்றால் வாசற்படி அடைபடும், அவ்வளவு பெரிய ஆள், இருந்தாலும் குட்டிதான். அதே சலவைக்கூடத்தின் வேனை ஓட்டி, ஹோட்டல்களிலிருந்து அழுக்குத் துணி மூட்டைகளை ஏற்றி இறக்குவது அவன் வேலை. பிறந்தபோது ஒரு கைத்துண்டுக்குள் அடங்கிவிட்டானாம். "கைத்துண்டு! குளிக்கிற துண்டுகூட இல்ல" என்று மாமியார் கையால் அளந்து காட்டாத விருந்தாளி கிடையாது. வலி எடுக்கிறவரை வேலையில் நின்றுவிட்டு, நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெற்றாளாம். நின்று பெற்ற பிள்ளை என்று அவனைச் சொல்லும்போது அவள் கழுத்து கொஞ்சம் நீளும்.

சேதி கேட்ட குட்டி அன்று சாயங்காலமே கிரகங்கள் படம் போட்ட புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். மாடிப்படி ஏறிவந்த மூச்சிரைப்பு அடங்க அவனுக்கு நேரம் பிடித்தது.

"இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள பாடமா?" என்றாள் மருமகள்.

"மூளைக்காரப் பிள்ளை. இப்பவே தயாரா இருக்க வேண்டாமா?" என்று சொல்லி, சுவரில் சாய்ந்தபடி சிரித்தான்.

அவளும் சிரித்தாள். நிற்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னது நடுவில் ஒருமுறை நினைவுக்கு வந்தது. "அத்தை, வேலைக்கு வேண்டாம்னு சொன்னாரே" என்று இழுத்தாள்.

"சொல்லுவாங்க. அவங்க எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லுவாங்க. சமாளிக்குதுன்னும் சொன்னாரே, அது காதுல விழலையா?"

அதோடு பேச்சு முடிந்தது.

சலவைக்கூடத்தில் உருளை என்றால் சுவருக்குச் சுவர் நீண்டு கிடக்கிற இரும்பு. உள்ளே நீராவி ஓடும். ஈரமான ஹோட்டல் விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பெண்கள் ஆளுக்கொன்றாகப் பிடித்து, விறைப்பாக இழுத்து அதன் வாயில் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் வந்து விழும். கொடுக்கிறவர்களுக்கு முகத்தில் சூடு, முதுகில் வேர்வை, காலில் வீக்கம். பிறகு அடுத்த விரிப்பு. அந்த வரிசைக்கு மாமியார்தான் சூப்பர்வைசர். வீட்டில் அத்தை, அங்கே மேடம். வாசலைத் தாண்டும்போதே நாக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கூடத்தில் இருந்த ஒரே நாற்காலி மேடத்துடையது. அதில் மேடம் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவளுடைய கைப்பைதான் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். நானே உட்காரவில்லை, நீங்கள் எப்படி உட்காரலாம் என்று அந்தக் கைப்பை எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருக்கும். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் எட்டாம் மாதம்வரை உருளையில் நிற்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மடிப்பு மேசைக்கு மாறலாம் என்பது மேடம் போட்ட சட்டம். மடிப்பு மேசையும் நின்றபடி செய்கிற வேலைதான் என்பதை முதலாளி உட்பட யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவருக்கு எதற்குக் கவனம்? அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் மேடமே சொல்லிவிடுகிறாள்.

மறுபடி ஸ்கேனுக்குப் போக வேண்டிய நாள் வந்தது. அன்றைக்கென்று பார்த்து ஒரு பெரிய ஹோட்டலில் மாநாடு. மலைமலையாகத் துணி வந்து இறங்கியிருந்தது.

"நாளைக்குப் போய்க்கலாம். பிள்ளை எங்க ஓடிப் போகுது?" என்றாள் மாமியார், கைப்பையை நாற்காலியில் வைத்துக்கொண்டே.

மருமகள் உருளைக்கு முன்னால் போய் நின்றாள். சுவருக்கு அப்பால் பெரிய துவைக்கிற எந்திரம் துணியைப் பிழியச் சுற்ற ஆரம்பிக்கும்போது தரையே அதிரும். அந்த அதிர்வு வந்தால் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு உதை வரும். நாலைந்து வாரமாக இது ஒரு விளையாட்டு. எந்திரம் அதிரும், இது உதைக்கும், அவள் "சரி சரி, உன் கோபம் எனக்குத் தெரியுது" என்பாள். தன்னைப் போலவே இதற்கும் சுருக்கென்று கோபம் வருகிறது என்று அவளுக்குப் பெருமை.

அன்றைக்கு எந்திரம் அதிர்ந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்த தடவையும் அதிர்ந்து அடங்கியது. அவள் ஒரு கையால் விரிப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வயிற்றைத் தட்டினாள். எப்போதோ ஒரு சின்ன நெளிவு மாதிரி இருந்தது. அதுவும் அவளாக நினைத்துக்கொண்டதுதானோ என்னவோ.

"மேடம், பிள்ளை அசையல."

"தூங்கும்."

"காலையிலேருந்தே அசையல மேடம்."

"மூளைக்காரப் பிள்ளை இல்லையா, எதையாவது யோசிச்சுக்கிட்டு இருக்கும். நீ முனையை ஒழுங்காப் பிடி."

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். மடிப்பு மேசையில் இருந்த நிறைமாதக்காரி மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் கையை ஊன்றி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பில்தான் மருமகளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பிடித்திருந்த முனையை விட்டாள். விரிப்பு கோணலாக உள்ளே போய், உருளையில் சுற்றிச் சுருண்டு, பொசுங்கிய நாற்றம் கிளம்பியது. யாரோ ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தார்கள். காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்த கூடம் கப்சிப் என்று ஆனது.

"என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று மாமியார் ஓடிவந்தாள்.

"துணி பொசுங்கினா பொத்தானை அடிக்க ஆள் ஓடுது. எனக்கு ஒரு பொத்தான் எங்க வச்சிருக்கீங்க மேடம்?"

பதிலுக்கு நிற்காமல் ஏப்ரனைக் கழற்றி அந்தக் கைப்பையின் மேலேயே எறிந்துவிட்டு நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தது பெரிய டாக்டரம்மா. அவளைப் படுக்க வைத்து, வயிற்றில் பட்டை கட்டி, எந்திரத்தைப் போட்டார்கள். குதிரை ஓடுகிற மாதிரி சத்தம் கேட்டது. உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அந்த ஓட்டம் சில இடத்தில் தொய்ந்து மெதுவாகி, பிறகு திரும்ப ஓடியது. டாக்டரம்மா ஒவ்வொரு தொய்வுக்கும் முகத்தைச் சுருக்கினார்.

"இன்னைக்குக் காலையிலேயே வந்திருக்கணுமே?"

"வேலைக்குப் போயிட்டேன் டாக்டர். பிள்ளை நல்லா இருக்குன்னு நினைச்சோம். ரத்தம் மூளைக்கு நிறையப் போகுதுன்னாங்களே."

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அது நல்ல சேதின்னு யாரு சொன்னா?"

"அத்தைதான்..." என்று இழுத்தாள்.

"வீட்டுல சோறு பத்தலைன்னா என்ன செய்வீங்க? இருக்கறதை யாருக்குப் போடணும்னு பார்ப்பீங்க இல்லையா? உள்ள உங்க பிள்ளை அதைத்தான் செய்யுது. நஞ்சுக்கொடி வழியா வர வேண்டியது சரியா வரல. அதனால கை, கால், குடல், சிறுநீரகம் எல்லாத்துக்கும் போற ரத்தத்தைக் குறைச்சு, மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்புது. இதுக்குப் பேர் புத்திசாலித்தனம் இல்லம்மா, பட்டினி."

"இதயம் பெருசா இருக்குன்னாங்களே?"

"குழாயெல்லாம் இறுகிப் போச்சு. அதுக்குள்ள தள்ளித் தள்ளி இதயம் உருண்டையாயிருக்கு. அளவுக்கு மீறி மூட்டை தூக்கினா தோள் என்ன ஆகும்? அப்படித்தான். இப்போ அது பிள்ளையைக் காப்பாத்துது. ஆனா அப்படி உருவான இதயம் பின்னாலயும் அப்படியே இருந்துடலாம். வயசானா வர்ற பிரச்சினை சீக்கிரமே வரலாம்."

"நான் உருளையில நின்னதாலயா?"

"அதனாலதான்னு நான் சொல்லமாட்டேன். நஞ்சுக்கொடி கெட்டுப்போக எத்தனையோ காரணம் இருக்கு. ஆனா சூட்டுல நிக்க வச்சது உதவி இல்ல. வரச் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா இன்னும் உதவியா இருந்திருக்கும்."

டாக்டரம்மா எழுந்து போனபிறகு அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சமாளிக்குது, சமாளிக்குது என்று எத்தனை பேர் கைதட்டினார்கள்! உள்ளே ஒரு உயிர் தன் காலுக்குப் போக வேண்டியதைத் தானே பறித்துத் தலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்க, வெளியே அதற்குக் கிரகங்கள் படம் போட்ட புத்தகம் வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்த இளவயது டாக்டர் மேல் கோபம்; ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்துச் சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? முதலாளி மேல் கோபம், மாமியார் மேல் கோபம், வராந்தாவில் பல்லைக் காட்டிய தன் மேலேயே அடக்க முடியாத கோபம். பிள்ளை மேல் மட்டும் இல்லை. அதற்கு உதைக்கக்கூடத் தெம்பில்லாமல் போயிருந்தது.

மாமியாரும் குட்டியும் வந்து சேர்ந்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாமியார் விடுவிடென்று ஏறி முன்னால் வந்துவிட்டாள். குட்டி நெற்றியெல்லாம் வேர்வையாக, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான்.

"உருளை மேல சுத்தியிருக்கற துணியே பொசுங்கிப் போச்சுடி. மாத்தற வரைக்கும் வேலை நின்னுபோச்சு. முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றுதான் மாமியார் ஆரம்பித்தாள்.

அறைக்குள் திரும்பி வந்த டாக்டரம்மா அதைக் கேட்டுவிட்டார். "சாயங்காலத்துக்குள்ள குழந்தையை எடுக்கற மாதிரி இருக்கும். நீங்க எந்த வேலையைப் பத்திப் பேசறீங்க?"

"எடுக்கறதா? இன்னும் மாசம் இருக்கே டாக்டர்! நானும் இதே வேலையில வலி வர்ற வரைக்கும் நின்னவதான். நின்னுதான் இவனைப் பெத்தேன். கைத்துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்தேன். இன்னைக்கு எப்படி இருக்கான், நீங்களே பாருங்க."

டாக்டரம்மா பார்த்தார். நன்றாகவே பார்த்தார். குட்டி இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்திரண்டு."

"பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறீங்களா?"

குட்டி அம்மாவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "சாப்பிடறேன்."

"என்னடா மாத்திரை? எப்போலேருந்து?" என்றாள் மாமியார்.

"போன வருஷம் வேன்ல மூட்டை ஏத்தும்போது மயக்கம் வந்துச்சும்மா. படம் எடுத்துப் பார்த்தாங்க. இதயத்தோட சுவர் தடிச்சிருக்காம். வேனை விட்டு இறக்கிடுவாங்கன்னுதான் யார்கிட்டயும் சொல்லல."

கட்டிலில் கிடந்தவளுக்கும் இது புதுச் செய்தி. சட்டைப்பையில் ஏதோ அட்டை இருக்கிறது, கேட்டால் வாயு மாத்திரை என்பான். அதையும் அவள் நம்பியிருந்தாள்.

"சின்னதாப் பொறந்தவங்களுக்கு இதெல்லாம் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடத்தான். இவருக்கு அதனாலதான் வந்துச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றார் டாக்டரம்மா. "ஆனா நல்லா இருக்கான்னு இவரைக் காட்டி இன்னொருத்தியை நிக்க வைக்காதீங்க."

மாமியாரின் கை காற்றில் அப்படியே நின்றது. கைத்துண்டின் அளவைக் காட்டுவதற்காக விரித்த கை. அதை மடக்க அவளுக்குத் தெரியவில்லை. சுவரோரம் கிடந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து மருமகள் பார்த்தது வீட்டில்கூட அபூர்வம்.

"எனக்கு அன்னைக்கு யாரும் நாற்காலி போடலடி" என்றாள் கடைசியில்.

"அதனால எனக்கும் போடலையா அத்தை?"

"நின்னா நல்லதுன்னு..."

"நல்லதுன்னு யாரு சொன்னா? நீங்களே சொல்லிக்கிட்டீங்க. வேற வழி இல்லாம நின்னீங்க, அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனால அதையே பெருமையாக்கி எங்க எல்லார் தலையிலயும் கட்டினீங்க. பிள்ளை அசையலன்னு உங்க முகத்துக்கு நேரா சொன்னேன். அப்போ இந்த முகம் வாடல. உங்க பிள்ளையோட இதயம்னதும் வாடுது!"

"போதும் விடு" என்றான் குட்டி.

"நீ பேசாத. மாத்திரையை மறைச்சு வச்சவன் நீ. குடும்பமே சமாளிக்கறவங்க, நடுவுல நான் ஒருத்தி கத்தறேன்."

"கத்தட்டும் விடுடா" என்றாள் மாமியார். தலையைத் தூக்காமலேயே சொன்னாள். "எனக்கு அன்னைக்குக் கத்தத் தெரியல."

எந்திரத்திலிருந்து அந்த ஓட்டம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தொய்வு வரும்போதெல்லாம் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் தொய்வுகள் நெருங்கி வந்தன. நர்ஸ் ஓடிவந்தாள், கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பெண் குழந்தை. அழுததா என்றால், அழுதது. ஆனால் தூரத்தில் எங்கோ கேட்கிற மாதிரி. காட்டிவிட்டு உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். மூக்கில் குழாய், காலில் ஒயர், நெஞ்சுக்கூடு விடாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிழைத்துக்கொள்வாள், ஆனா இதயத்தை வருஷா வருஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. இந்த முறை 'ஆனா'வுக்குப் பின்னால் வந்ததை மாமியார் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

சில நாள் கழித்து முதலாளி பழப்பையோடு வந்தார். தையல் வலியோடு சுவரைப் பிடித்து நின்ற அவளிடம் தலையசைத்துவிட்டு, கண்ணாடிக்கு அப்பால் எட்டிப் பார்த்தார்.

"சின்னதா இருந்தா என்னக்கா? சமாளிச்சுக்கும். நம்ம குட்டி இல்லையா?" என்று மாமியாரைப் பார்த்துச் சிரித்தார். "ஆமா, நீங்க எப்போ வர்றீங்க? வரிசை உங்களைத் தேடுது. அந்த மடிப்பு மேசைக்காரி வேற நேத்து நாற்காலியில போய் உட்கார்ந்துக்கிட்டா. கேட்டா, மேடம்தான் போன்ல சொன்னாங்கங்கறா."

"நான்தான் சொன்னேன்."

முதலாளியின் சிரிப்பு குறைந்தது. "மத்தவங்களும் கேட்பாங்களேக்கா. ஒரு நாற்காலிதானே இருக்கு? இத்தனை நாளா எல்லாரும் சமாளிக்கலையா?"

மாமியார் திரும்பினாள். தன்னிடம் மட்டுமே உண்டு என்று நினைத்திருந்த அந்தக் கோபத்தை மருமகள் முதல்முறையாக இன்னொரு முகத்தில் பார்த்தாள்.

"அந்த வார்த்தையை இங்க நின்னு சொல்லாதீங்க தம்பி. என் மகன் வயித்துக்குள்ளயே சமாளிச்சான், இப்போ மாத்திரை முழுங்கறான். இந்தப் பேத்தியும் வயித்துக்குள்ளயே சமாளிச்சா, பெட்டிக்குள்ள கிடக்கறா. பொறக்கறதுக்கு முன்னாடியே அவங்க பங்கை முடிச்சுட்டாங்க. நாற்காலி வாங்கிப் போடுங்க. உருளை நின்னா நிக்கட்டும். இனிமே நீங்க சமாளிங்க."

முதலாளி பழப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மருமகளுக்கு மாமியார் மேல் இருந்த கோபம் தீரவில்லை. அவ்வளவு சீக்கிரம் தீர்கிற கோபமும் இல்லை அது. இருந்தாலும் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு, மெல்ல நடந்துபோய் அவள் பக்கத்தில் நின்றாள்.